கொழும்பில் ஓர் எம்.ஜி.பி.: சஸ்பென்ஷன் சாமான் எதை வாங்குவது, எதை விடுவது

எம்.ஜி.பி. என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கையில் எடுத்தவர், அதன் சஸ்பென்ஷனில் (சில்லையும் காரின் உடலையும் இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) முதலில் மாற்ற நினைப்பது ஸ்பிரிங்கையும், அதன் துள்ளலை அடக்கும் ஷொக்கையும்தான். கார் குதிக்கிறது, வளைவில் சாய்கிறது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கிறது. ஆனால் அந்த 'டொக்' பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கும் நைந்துபோன இறப்பர் உறையிலிருந்து, அதாவது புஷ்ஷிலிருந்து வரும்; ஸ்டியரிங் அலைவதற்குக் காரணம், முன் சில்லு திரும்பும் அச்சான கிங் பின் கிரீஸ் காணாததாக இருக்கும். ஸ்பிரிங்கில் கை வைப்பது கடைசி வேலை. கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் நைந்த புஷ் இன்னும் சீக்கிரமாக நையும், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி எம்.ஜி.பி.யை வைத்து எழுதப்பட்டது. வேறு பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் பரிசோதிக்கும் முறையும் வாங்கும் வரிசையும் பொருந்தும்; அளவுகள் பொருந்தா.

உங்களிடம் இருப்பது எந்தக் கார்?

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை தயாரானது. திறந்த ரோட்ஸ்டர் முதலில் வந்தது, கூரையுள்ள ஜி.டி. 1965இல் வந்தது. வி8 எஞ்சின் போட்ட ஜி.டி. 1973இலிருந்து 1976 வரை மட்டும். 1974இன் பிற்பகுதியில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு இறப்பர் பம்பர் வந்தபோது, காரின் உயரத்தையும் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். அதற்காக முன்பக்கக் குரொஸ் மெம்பரும் (குறுக்குச் சட்டம்) பின் ஸ்பிரிங்கும் மாறின. 1977 மொடலிலிருந்து, வளைவில் சாய்வதைக் குறைக்கும் அன்டி ரோல் பார் முன்னும் பின்னும் வந்தது.

சேசி இலக்கத்தின் முன்னெழுத்துகளைப் பாருங்கள். ஜி.எச்.என். என்றால் ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் ஜி.டி. அதன் பின்னால் 3, 4 அல்லது 5 என்ற தொடர் எண் வரும். 5 என்று இருந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த எண்ணில் குரோம் பம்பர்க் காரும் உண்டு, இறப்பர் பம்பர்க் காரும் உண்டு. சாமான் கேட்கும்போது முழு இலக்கத்தையும் அனுப்புங்கள்.

இன்னொரு சிக்கல் இங்கே அதிகம். சாமான் கிடைக்காத காலத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஓடிய கார்கள் இவை. ரோட்ஸ்டரில் ஜி.டி.யின் ஸ்பிரிங், பின்னால் உள்ள பட்டை ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளை அடுக்கியது) லொறிப் பட்டை ஒன்று கூடுதலாக, லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ் எல்லாம் சாதாரணம். அதனால் புத்தகம் சொல்வதை மட்டும் நம்பி ஓர்டர் கொடுக்க வேண்டாம். காரின் அடியில் படுத்து ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருப்பது பழைய காரில் வழமை. இடது, வலது வித்தியாசம் அரை அங்குலத்தைத் தாண்டினால் ஸ்பிரிங் களைத்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டோ சேசியோ துருப்பிடித்து உட்கார்ந்திருக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதியில் நிறுத்தப்பட்ட காரென்றால் இரண்டாவதை முதலில் சந்தேகியுங்கள்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சேசிக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம்.

சில்லை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது சில்லின் நடுப்பகுதியான ஹப்பின் பெயாரிங். நிற்காமல் தொடர்ந்தால் கிங் பின் அல்லது அதன் கீழ்முனை. இந்த ஒரு சோதனையே பல ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடித்துத் தரும். கிங் பின் போய்விட்டது என்று சொல்லப்பட்ட கார்களில் பெயாரிங் மட்டும் தளர்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, சில்லைச் சேசியோடு இணைக்கும் கைகளான கீழ் விஷ்போனின் உட்புற முனைக்குள் ஒரு தட்டை லீவரை விட்டு மெதுவாக நெம்புங்கள். இறப்பர் சற்றே நசிந்து திரும்பி வர வேண்டும். விஷ்போன் முன்னும் பின்னும் இழுபட்டால், அல்லது இறப்பர் ஓரத்தில் காளான் போலப் பிதுங்கி நின்றால் புஷ் முடிந்தது. ஷொக்கைப் பார்க்கும்போது பம்பரை அமுக்கிப் பார்ப்பது அவ்வளவு உதவாது. துருப்பிடித்த பட்டை ஸ்பிரிங்கின் உராய்வே காரை ஆடாமல் பிடித்து உங்களை ஏமாற்றும். பின் ஷொக்கின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, ஷொக்கின் லீவரை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். முழுத் தூரத்துக்கும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக விழுந்தால் ஒயில் குறைவு அல்லது காற்று. தண்டு வெளியே வரும் இடத்தில் ஈரமாக இருந்தால், ஒயில் விட்டாலும் திரும்பப் போய்விடும்.

பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை வளையமான கண்ணையும், பின்முனையைச் சேசியோடு இணைக்கும் ஷக்கிளையும், அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலுள்ள இறப்பர்த் தட்டுகளையும் பாருங்கள். கியர் மாற்றும்போது பின்னால் ஒரு தட்டல் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

புஷ்: எங்கே சிக்கனம் கூடாது

பழைய முறை கீழ் விஷ்போன் புஷ் இரண்டு பாதியாக வரும். ஒரு விஷ்போன் கைக்கு இரண்டு, முழுக் காருக்கு 8. இதற்குப் பதிலாக வி8 காருக்குச் செய்த புஷ் எல்லா எம்.ஜி.பி.க்கும் பொருந்தும். அதில் இறப்பர் ஓர் உலோகக் குழாயோடு ஒட்டியிருக்கும். காருக்கு 4 போதும். விலை சற்றுக் கூட. ஆனால் முன்பக்கத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஸ்டியரிங் கூர்மையாகும், சவாரி கடினமாகாது, ஆயுளும் அதிகம்.

பொலியூரத்தேன் புஷ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பந்தயப் பாதைக்கு நல்லது. கொழும்பின் ஒட்டுப் போட்ட தார் வீதிகளில் ஒவ்வொரு மூடிக்குழியும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் மழையில் கழுவப்பட்டதும் கீச்சிடத் தொடங்கும். அன்டி ரோல் பார் பிடிகளுக்குப் போடலாம், அங்கே பாதகமில்லை. பட்டை ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்குப் போட வேண்டாம். கார் சாயும்போது பட்டை சற்று முறுக வேண்டும். கடினமான புஷ் அந்த முறுக்கத்தை மறுக்கும், பின்பக்கம் துள்ளும்.

இறப்பர் விளையும் நாட்டில் இறப்பர்ப் புஷ்ஷை ஏன் வெளியிலிருந்து எடுப்பது என்று கேட்கலாம். ஷக்கிள் புஷ், அக்சில் தட்டு போன்ற எளிய வடிவங்களை இங்கே நன்றாகவே செய்யலாம். மாதிரியைக் கொடுத்தால் போதும். உலோகத்தோடு ஒட்டிய புஷ் வேறு கதை. இறப்பரின் தரத்தைவிட ஒட்டின் தரம்தான் அங்கே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கடையில் ஒன்றைக் கையில் எடுத்தால் உட்குழாயைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். இறப்பர் முறுகித் திரும்பி வந்தால் சரி. குழாய் தனியாகச் சுழன்றால் வைத்துவிட்டு வாருங்கள். நகத்தால் அழுத்தும்போது வெடிப்பு விழுகிற இறப்பர் கிடங்கில் பல வருடம் கிடந்தது.

புஷ்ஷோடு சேர்த்து அது உட்காரும் அச்சுத் தண்டையும் சோதியுங்கள். துரு தின்ற தண்டில் புதுப் புஷ் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கிங் பின்னும் அதைச் சேர்ந்தவையும்

எம்.ஜி.பி.யின் முன் சில்லு, 'போல் ஜொயின்ட்' எனும் உருண்டை மூட்டில் திரும்புவதில்லை. ஒரு செங்குத்தான பின்னைச் சுற்றித் திரும்புகிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். கைநூல் சொல்லும் இடைவெளி 3000 மைல், அதாவது 5000 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நீர் தேங்கிய தெருவில் ஓடிய பிறகு இடைவெளி பார்க்காமல் அடியுங்கள். முக்கியமானது: கார் நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் முகத்துக்கு கிரீஸ் போகாது. சில்லை உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். பெரும்பாலான கிங் பின்கள் சாவது இதனால்தான், மைலேஜால் அல்ல.

வாங்கும்போது பின்னை மட்டும் வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். பின், சில்லைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் அக்சிலுக்குள் போகும் மேல் கீழ் புஷ், கீழ்முனைப் புஷ்ஷும் அதன் குழாயும், த்ரஸ்ட் வொஷர்கள், மேல் ட்ரனியன் (கிங் பின்னின் மேல்முனை இணைப்பு) இறப்பர், புதுப் போல்ட், நட், ஸ்பிளிட் பின் எல்லாம் ஒரே ஓர்டரில் வர வேண்டும். த்ரஸ்ட் வொஷர் பல தடிப்பில் வரும். ஒரே தடிப்பில் எடுக்காமல் இரண்டு மூன்று தடிப்பில் எடுங்கள். மேல்கீழ் ஆட்டம் 0.002 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது அந்த வொஷர்தான்.

புதுப் புஷ்ஷை அடித்து ஏற்றிய பின் சரியான அளவுக்கு ரீம் செய்ய, அதாவது துளையைத் துல்லியமாகக் கடைய வேண்டும். மேல் கீழ் இரண்டு துளையும் ஒரே கோட்டில் வர, நீளமான வழிகாட்டித் தண்டுள்ள ரீமர் தேவை. இதைக் கொழும்பில் நல்ல லேத் பட்டறையில் செய்விக்கலாம். பின்னையும் கூடவே கொண்டுபோய்க் கொடுங்கள், அளவைச் சொல்லி அனுப்புவது போதாது. சாணைத்தாள் சுற்றித் துளையைப் பெரிதாக்கத் தொடங்கினால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சரியாகச் செய்ததில் ஸ்டப் அக்சில் லேசான இழுவையோடு கையால் திரும்பும். தன் பாரத்தில் தானே சுழன்று விழாது.

ஹப் கழற்றும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. எம்.ஜி.பி.யின் முன் பெயாரிங்குகளுக்கிடையே ஒரு குழாயும், ஷிம் எனும் மெல்லிய இடைவளையங்களும் உண்டு. நட்டை முழு இறுக்கத்துக்கு இறுக்கிய பின் 0.002 முதல் 0.004 அங்குல ஆட்டம் விட்டிருக்க வேண்டும். அதை ஷிம் கூட்டிக் குறைத்துப் பெற வேண்டும். ஜப்பானியக் கார் பழகிய பாஸ் (மெக்கானிக்) கைப்பக்குவத்தில் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி விடுவார். குழாய் எதற்கு என்று கழற்றி எறிந்தும் விடுவார். அந்தக் குழாய்தான் ஸ்டப் அக்சிலை வளையாமல் விறைப்பாக வைத்திருக்கிறது. அது இல்லாமல் ஓடினால் ஸ்டப் அக்சில் முறிந்து சில்லோடு கழன்றுபோகலாம். ஷிம்களை வலம் இடம் எழுதிய உறையில் போட்டு, வேலை முடியும்வரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

ஷொக்

முன் ஷொக்கை வேறு வகைக்கு மாற்றுவதில் ஒரு தடை: ஆம்ஸ்ட்ரோங் லீவர் ஷொக்கின் கைகளே மேல் விஷ்போனாகவும் வேலை செய்கின்றன. நீண்டு சுருங்கும் குழாய் வடிவ டெலஸ்கோப் ஷொக் போட்டாலும் பழையதை மேலிணைப்பாக வைத்திருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு மாற்றுக் கிட் உண்டு. நன்றாகப் பழுது பார்த்த லீவர் ஷொக் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை என்பது எங்கள் முடிவு.

'பழுது பார்த்தது' என்று விற்கப்படுபவற்றில் பல, கழுவிக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஒயில் நிரப்பியவை. கையில் கிடைத்ததும் லீவரைப் பிடித்துத் தண்டின் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள் புஷ் மாற்றப்படவில்லை. சீல் எத்தனை புதிதாக இருந்தாலும் ஒழுகும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் விலைக்கழிவு என்ற நிபந்தனை பல கடைகளில் உண்டு. இலங்கையிலிருந்து இரும்புப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு அந்தக் கழிவையே விழுங்கும். பழையது வேண்டாம் என்று சொல்லும் கடையில் எடுப்பது, அல்லது உங்களுடையதையே இங்கே திறந்து சீலும் புஷ்ஷும் போடுவிப்பது மேல்.

ஒயில் விடுவதற்கு 20 தரத்து மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில் போதும். பிரேக் ஒயில் ஒருபோதும் விட வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் வால்வைக் கெடுக்கும். பூட்டுவதற்கு முன் மேசையில் நிமிர்த்தி வைத்து, வெறுமை மறையும்வரை லீவரைப் பல தடவை அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஸ்பிரிங்

மேலே சொன்னதெல்லாம் சரியாகி, உயரம் இன்னும் குறைவாக இருந்தால் மட்டும் ஸ்பிரிங். எப்போதும் சோடியாக. ஜி.டி. பாரம் கூடியது, அதன் ஸ்பிரிங்கும் கடினம்; மலிவாகக் கிடைக்கிறதென்று ரோட்ஸ்டரில் போட்டால் முன்பக்கம் தட்டிக்கொண்டே ஓடும். தாழ்த்தும் கிட் பற்றி யோசிப்பவர் தன் ஒழுங்கையின் வேகத்தடையையும் மே மாத மழைக்குத் தேங்கும் தண்ணீரையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும். இறப்பர் பம்பர்க் காரைக் குரோம் பம்பர் உயரத்துக்கு இறக்குவது வரை நியாயம் உண்டு. அதற்குக் கீழே போனால் சைலன்சர்தான் முதலில் நிலத்தைத் தொடும்.

பட்டை ஸ்பிரிங்கை லொறி ஸ்பிரிங் பட்டறையில் வளைத்து எடுக்கலாம், செலவும் குறைவு. சூடாக்கிச் சரியாகப் பதம் ஏற்றாமல் வெறுமனே அடித்து வளைத்தால் சில மாதத்தில் திரும்பப் படுத்துவிடும். உயரத்துக்காக ஒரு லொறிப் பட்டை சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரோட்ஸ்டரின் முழு எடையே ஏறத்தாழ ஒரு டன்தான். அந்தப் பட்டை வளையவே வளையாது. அக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்கும் யூ போல்ட்டைப் பட்டறையில் செய்விக்கலாம், ஆனால் பழையதைக் காட்டி அதே மரையைக் கேளுங்கள்.

ஓர்டரும் சுங்கமும்

கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் ஜப்பானியக் காருக்கு எதுவும் கிடைக்கும், எம்.ஜி. கிங் பின் கிடைப்பது அதிர்ஷ்டம். அங்கே பெயாரிங், கிரீஸ் நிப்பிள், ஸ்பிளிட் பின், நைலோன் பூட்டு நட் எடுக்கலாம். பெயாரிங்கைப் பழையதில் பொறித்த இலக்கத்தைக் காட்டி எடுங்கள். மற்றவை பிரித்தானியாவிலிருந்துதான். 1963 முதல் 1972 வரை அவுஸ்திரேலியாவிலும் இந்தக் காரைப் பூட்டினார்கள் என்பதால் அங்கும் நல்ல கையிருப்பு உண்டு, அதுவும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங்.

சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மட்டுமல்ல, காப்புறுதியும் அனுப்பும் கூலியும் சேர்ந்த தொகைக்கு. ஆகவே பாரமான ஸ்பிரிங்கை விமானத்தில் எடுத்தால் கூலியோடு தீர்வையும் ஏறும். புஷ், கிங் பின், சீல் விமானத்தில், ஸ்பிரிங் கப்பலில். விலைப்பட்டியலில் 'கார் பார்ட்ஸ்' என்று பொதுவாக எழுதாமல் ஒவ்வொன்றையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஷொக்கும் சஸ்பென்ஷன் பாகங்களும் சுங்க வகைப்பாட்டு எண்ணான எச்.எஸ். குறியீடு 8708.80இல் வரும், இரும்பு ஸ்பிரிங் 7320இல், பட்டை என்றால் 7320.10, சுருள் என்றால் 7320.20. இரண்டுக்கும் தீர்வை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வீதங்கள் அடிக்கடி மாறுவதால் காசு கட்டுவதற்கு முன் சுங்க முகவரிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

பூட்டும்போது

இந்தக் காரின் நட் அங்குல அளவு. 9/16 நட்டுக்கு 14 மில்லிமீற்றர் சாவி ஏறாது, 15 வழுக்கும். 1/2 நட்டில் 13ஐப் போட்டால் மூலை தேயும். 3/4க்கு மட்டும் 19 கச்சிதம். கராஜில் அங்குலச் சாவி இல்லையென்றால் நீங்களே ஒரு செட் கொண்டுபோங்கள்.

சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும் ஒழுங்கு இது: சேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ட்ரொலி ஜக்கை வைத்துப் பாரத்தை ஏற்றுங்கள். பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், குழாயில் தொங்க வேண்டாம். ஸ்டியரிங் கம்பியை விடுவித்து, மேல் ட்ரனியன் போல்ட்டை எடுத்து, ஹப்பை வெளியே சாய்த்த பின் ஜக்கை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஸ்பிரிங் முழுவதும் தளரும்வரை முகத்தையும் கையையும் அதன் முன்னால் வைக்காதீர்கள்.

புஷ் ஏற்றச் சவர்க்கார நீர் போதும். சாதாரண கிரீஸ் இறப்பரை ஊதச் செய்யும். போல்ட்டின் உடலில் செம்பு கிரீஸ் பூசுங்கள். கடற்காற்றில் அடுத்த தடவை கழற்றுகிறவர் நன்றி சொல்வார்.

அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான்: சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது விஷ்போன் நட்டையும் பட்டை ஸ்பிரிங்கின் கண் போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிடுவார்கள். கார் நிலத்தில் இறங்கியதும் இறப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும்; சில மாதத்தில் கிழியும், காரும் உயரமாக நின்று உங்களைக் குழப்பும். விரல் இறுக்கத்தில் பூட்டி, சில்லில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் அமுக்கி உட்காரவிட்டு, அதன் பிறகே இறுக்குங்கள். ஜக்கில் மட்டும் வேலை செய்யும் கராஜ் என்றால் குழிக்கு மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் கோணங்களைச் சரிபார்ப்பது. கணினியில் இந்தக் கார் பெரும்பாலும் இருக்காது. அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். டோ (முன் சில்லுகளின் முன்னோரம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) உட்பக்கம் 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது 1.6 முதல் 2.4 மில்லிமீற்றர். கம்பர் (சில்லின் மேற்பகுதி வெளியே சாய்வது) நேர்மறையாக 1 பாகை, காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்வது) 7 பாகை, கிங் பின் உள்நோக்கிய சாய்வு 8 பாகை. இதில் சரிசெய்யக்கூடியது டோ மட்டுமே. கம்பர் சரியில்லை, தட்டி நிமிர்த்துவோம் என்று சொன்னால் விடாதீர்கள். வளைந்த பாகமோ தேய்ந்த புஷ்ஷோ இன்னும் உள்ளே இருக்கிறது. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி, முதலில் எழுதிவைத்த நான்கு உயரங்களையும் மறுபடி அளந்து பாருங்கள். புது ஸ்பிரிங் இந்தத் தூரத்தில் சற்று இறங்கும், அது குறையல்ல. இடது, வலது ஒத்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.